ஒரு தச்சரும் ஒரு கிணறும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்புக்காக ஊரைவிட்டு வெளியே போனவர்கள் நம்மில் பலர் உண்டு. அதனால் அப்படிப் போன ஒரு தச்சரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். பெயர் ஜேம்ஸ் காம்பெல். 1826-ல் அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கப்பலில் ஒளிந்துகொண்டு கனடா போய்ச் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் அண்ணனிடம் தச்சு வேலை. அதன்பின் திமிங்கல வேட்டைக் கப்பல். அந்தக் கப்பலும் தென் பசிபிக்கில் உடைந்து போயிற்று! கரையேறிய தீவில் பிடிபட்டவர், தலைவனின் பழுதான துப்பாக்கியைச் சரிசெய்து கொடுத்து உயிர் தப்பினார் என்று சொல்வார்கள்.

1850-ல் ஹவாய் ராஜ்யத்தின் லஹைனா துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில் இருந்த முதல், தொழில் ஒன்றுதான். தச்சு வேலையில் சேர்த்த காசைப் போட்டு, 1860-ல் கூட்டாளிகளோடு சர்க்கரை ஆலை தொடங்கினார். அதுதான் பயனியர் மில்.

1877-ல் ஆலைப் பங்கை விற்றுவிட்டு, ஓவாஹு தீவில் ஹோனோவுலியுலி என்ற இடத்தில் சுமார் 41,000 ஏக்கர் வாங்கினார். விலை 95,000 டாலர். வறண்ட சமவெளி, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் மனுஷன் தரைக்கு மேலே பார்க்கவில்லை, கீழே பார்த்தார். மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்குகிறது. கடலோரத்தில் கெட்டியான மண்படிவு மூடி போட்டதுபோல் அதை அடைத்து நிற்கிறது. மூடியைத் துளைத்தால் அழுத்தத்தில் தண்ணீர் தானே பொங்கி வரும். 1879-ல் துளை போட்டார்கள், பொங்கிற்று. ஹவாயின் முதல் ஆர்ட்டீசியன் கிணறு அது. அவர்கள் மொழியில் 'வாய்' என்றால் தண்ணீர். அந்த ஊற்றுக்கு 'வாய் அனியானி', அதாவது பளிங்கு நீர் என்று பெயரிட்டார்கள். 1890-ல் அந்த வறண்ட நிலத்திலேயே ஏவா கரும்புத் தோட்டம் எழுந்தது.

இதோடு நிறுத்தினால் உழைத்து முன்னேறியவர் கதை, கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வெளிநாட்டார் நிலம் வாங்கலாம் என்று ஹவாயில் சட்டம் வந்ததும் அதே 1850-ல்தான். காம்பெலுக்குக் கதவு திறந்த அந்தச் சட்டம், மண்ணின் மக்கள் பலர் நிலத்தை இழக்கவும் வழி செய்தது. சர்க்கரையில் பணம் பார்த்த வெளியார்கள், 1893-ல் அமெரிக்கப் படை கரையிறங்கிய நிலையில் அரசி லிலியுவோகலானியைப் பதவியிறக்கினார்கள்.

அப்போது காம்பெல் குடும்பம் எங்கே நின்றது? அவர் 1877-ல் மணந்த அபிகெய்ல் குவாய்ஹெலானி, லஹைனாவைச் சேர்ந்த ஹவாய்ப் பெண். 1897-ல் பெண்கள் தேசபக்தி சங்கத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி. நாட்டை அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று 21,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவுக்காகத் தீவு தீவாகப் போய்க் கூட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தேறவில்லை. ஆனாலும் 1898-ல் தீர்மானம் ஒன்றின் மூலம் நாட்டை இணைத்துக்கொண்டார்கள்.

1900-ல் காம்பெல் ஹோனலூலுவில் காலமானார். அவரை ஏற்றுக்கொண்ட ராஜ்யம் அதற்கு முன்பே போய்விட்டது. அந்த வறண்ட நிலத்தில் இன்று கபோலெய் என்ற நகரம் நிற்கிறது.

நண்பர்களே, கையில் தொழில் இருந்தால் எங்கே போனாலும் சோறு கிடைக்கும். அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் சோறு போட்ட ஊருக்கு ஒரு கஷ்டம் வரும்போது நம் வீட்டார் யார் பக்கம் நிற்பார்கள்? பத்து காசு சேர்ந்த பிறகு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.