வகுப்பு முடிந்த பின்

சித்தூரிலும் திருப்பதியிலும் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் தெலுங்கிலும், சிலர் தமிழிலும் பள்ளிப் பாடம் பயின்றவர்கள். நாம் ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்துகிறோம், அவர்கள் தலையசைக்கிறார்கள். விளங்கிற்று என்று மகிழ்ந்து வெளியேறுகிறோம். விடைத்தாள் கைக்கு வந்த பிறகே உண்மை தெரிகிறது. அதற்குள் ஆண்டே கழிந்துவிடுகிறது.

கேட்ட பாடத்தை நினைந்து பார்த்தல் மாணாக்கன் கடமை என்கிறது நன்னூற் பாயிரம். கற்பித்தவனுக்கும் அக்கடமை உண்டன்றோ? தொழில் புரிவோர் தம் செயலையே திரும்பி நோக்கிக் கற்கும் முறையை அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷான் 1983-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பாடத்தை நிறுத்துவோம். விளங்காத ஒன்றைத் துண்டுத்தாளில் பெயரின்றி எழுதித் தரட்டும்; தெலுங்கிலோ தமிழிலோ எழுதினாலும் குற்றமில்லை. முதல்நாள் வெற்றுத்தாள்களே மிகுதியாக வரலாம், அச்சந்தான் காரணம். மறுநாள் வகுப்பை, வந்த ஓரிரு ஐயங்களிலிருந்தே தொடங்கினால் அச்சம் தளரும்.

நாம் இருபது ஆண்டுகளாகப் பெருமையுடன் சொல்லிவந்த உதாரணமே குழப்பத்திற்கு மூலம் என்று ஒரு தாள் காட்டக்கூடும். அது கசக்கத்தான் செய்யும். ஆயினும் அன்றிரவே அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு அப்பாடம் நடத்துமுன் எடுத்துப் பார்ப்போம்.