பின் சக்கரத்தின் உராய்வு எந்தப் பக்கம்?



மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் இந்த அவைக்குத் தலைமை ஏற்கும் பெருமையை எனக்கு அளித்திருக்கிறீர்கள். என்னைவிட நீண்ட காலம் இயக்கவியல் நடத்தியவர்கள் முன்வரிசையில் இருப்பதால் சற்றுத் தயக்கத்தோடுதான் நிற்கிறேன். நியூட்டனின் விதிகளை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மேல்நிலை இயக்கவியலுக்கான பயிற்றுப் பொருள்கள் என்பது அழைப்பிதழில் உள்ள தலைப்பு. பொருள்களுக்கு இன்று பஞ்சமில்லை. 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் இருக்கிறது. எச்.சி. வர்மா, இரோடவ் ஆகியோரின் நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன. காணொளிகளைப் பற்றிப் பிற்பகல் அமர்வில் விரிவாகக் கேட்கப் போகிறோம். எனவே எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஒரு வாக்கியத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்.

‘உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்.’ வழிகாட்டி நூல்களிலும் கரும்பலகைகளிலும் தலைமுறைகளாக நிற்கும் வாக்கியம் இது. இது தவறு. தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத்தான் உராய்வு எதிர்க்கிறது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சுழற்றும் பின் சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை அதன்மீது தரும் உராய்வு முன்னோக்கி இருக்கிறது. வண்டியை முன்னால் முடுக்கும் புறவிசை அது ஒன்றே. இந்தக் கருத்தரங்கு நடக்கும் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்கிறது, அப்பல்லோ டயர் செய்கிறது, வாகனங்களை மோதிப் பார்த்துச் சோதிக்கும் ஆய்வு மையமும் இயங்குகிறது. இந்த ஊர் மாணவரிடம் வேகமெடுக்கும் வண்டிக்கு விசைப்படம் வரையச் சொன்னால் பின் சக்கரத்து அம்புக்குறியைப் பின்னோக்கிப் போடுகிறார். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் போடுகிறார்.

இதை முன்பு ஒரு குழுவுக்கு எழுதி அனுப்பினேன். ‘தேர்வில் கேட்கப்படுவதில்லை’ என்று பதில் வந்தது. பதில் எழுதியவரின் புலமையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தப் பதிலை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தை ஒரு கணக்காகவே வைக்கிறேன்.

ஒரு மோட்டார் சைக்கிள்; சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 1.4 மீட்டர். ஓட்டுபவரோடு சேர்ந்த நிறை மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் நடுவில். காய்ந்த சாலை; உராய்வுக் குணகம் 0.8. வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சக்கரம் சறுக்கத் தொடங்கும் எல்லைவரை பிரேக் பிடிக்கிறோம். எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும்?

பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது, பின் சக்கரம் இலேசாகிறது. ஆகவே பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் எதிர்முடுக்கம் 2.8 மீ/வி² தான். வண்டி நிற்க 35 மீட்டர் வேண்டும். முன் பிரேக் மட்டும் என்றால் 15 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் 12.5 மீட்டர். இதில் நிறை எங்கும் வருவதில்லை என்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும்.

‘முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய்’ என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். இன்னும் சில ஆண்டுகளில் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டப் போகிறவர்கள். 35 மீட்டருக்கும் 12.5 மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்குச் சொல்லித்தராத இயக்கவியல் யாருக்காக?

இந்த அவையிலேயே இருக்கும் மூத்த நண்பர் ஒருவர், இக்கணக்கு பாடநூலின் மூன்றாம் அலகையும் ஐந்தாம் அலகையும் கலக்கிறது என்று முன்பு ஆட்சேபித்தார். உண்மைதான். இயக்க விதிகள் ஓர் அலகில், திருப்புவிசை வேறோர் அலகில். சாலையில் அவை பிரிந்து வருவதில்லை. இலங்கையில் உயர்தரத் தமிழ் மாணவர்கள் இணைந்த கணிதத்தில் சுவரில் சாய்ந்த ஏணியையும் மூட்டிய கோல்களையும் உராய்வோடும் திருப்பங்களோடும் சேர்த்தே போடுகிறார்கள். அதே வயதுப் பிள்ளைகள், அதே மொழி.

அதைவிட அருகில், நம் பள்ளியிலேயே அடுத்த கட்டடத்தில் ஒரு மூலம் இருக்கிறது. தொழிற்கல்விப் பிரிவின் ஊர்திப் பொறியியல் பாடம். பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் அங்கே நடத்தப்படுகின்றன. இயற்பியல் ஆசிரியர் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறோம்? அங்கே வண்டி இருக்கிறது, சமன்பாடு குறைவு. நம்மிடம் சமன்பாடு இருக்கிறது, வண்டி இல்லை. 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். அது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கான விடை, ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரியது என்ற நம் பாடத்து வரியில் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் சிறிய உராய்வுதான் கிடைக்கும். அதற்கு இடம்கொடாமல் பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது அந்தக் கருவி. இரு பிரிவு மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி இது.

செய்முறைக்குச் செலவு வருமே என்பீர்கள். பெரிய செலவில்லை. பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளத்தில், 12-க்கு 1 சரிவில், மோட்டார் சைக்கிளை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஓர் எடைக் கருவி. இரு பிரேக்குகளும் இறுக்கிய நிலையில். பக்கத்துக்கு ஒருவராகச் சாயாமல் தாங்கினால் போதும். சமதளத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். 180 கிலோ வண்டிக்கு, நிறை மைய உயரம் சக்கர இடைவெளியில் 0.4 பங்கு என்றால், ஏறத்தாழ 6 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறியிருக்கும். ஓடாத வண்டியிலேயே பிரேக் பிடிக்கும்போது நிகழும் பார மாற்றத்தை அளந்துவிடலாம். மாறிய பாரத்திலிருந்து நிறை மையத்தின் உயரத்தையும் மாணவர்களே கணக்கிடலாம்.

ஆகவே இன்றைய அமர்வுகளை நடத்துவோரிடம் இரண்டு வேண்டுகோள்கள். நீங்கள் உருவாக்கும் எந்தப் பயிற்றுப் பொருளிலும் அந்தப் பழைய வாக்கியம் இடம்பெறக் கூடாது. உராய்வுப் பகுதியின் முதல் விசைப்படம், மேசைமேல் இழுக்கப்படும் மரக்கட்டைக்குப் பதிலாக, வேகமெடுக்கும் மோட்டார் சைக்கிளாக இருக்கட்டும், பின் சக்கரத்து அம்புக்குறி முன்னோக்கி. இதை மறுக்கும் நண்பர்கள் மாலை அமர்வில் கரும்பலகைக்கு வந்து தம் விசைப்படத்தை வரைந்து காட்டும்படி அழைக்கிறேன்.