கூட்டத்தின் குரலும் தனிக்குரலும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

"ஊர் ஓடினால் ஒக்க ஓடு" என்பது நம்மிடை வழங்கும் பழமொழி. வெள்ளம் வருங்கால் அது நல்ல புத்தியே. ஆனால், ஊர் ஓடும் திசையே தவறாயின், நின்று சொல்ல ஒருவன் வேண்டாமா? அத்தகையோன் ஏன் அரியனாகின்றான் என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

1950-களில் ஸாலமன் ஆஷ் என்னும் மனோதத்துவ ஆசிரியர் அமெரிக்கக் கல்லூரி மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதற்குச் சமமானது வேறு மூன்று கோடுகளுள் எது என்று வினவினார். சிறு குழந்தையும் சொல்லத்தக்க விடை. ஆயினும், ஒருவனைத் தவிர ஏனையோர் முன்னரே பேசிவைத்தபடி ஒரே பிழையைக் கூறினர். அவ்வாறு தனித்து விடப்பட்டோர் அளித்த விடைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கண்கண்டதைக் கைவிட்டுக் கூட்டத்தைப் பின்பற்றியது. ஆனால், உண்மையைச் சொல்ல இன்னும் ஒருவன் துணை நின்றபோது, அப்பிழைகள் முன்னிருந்ததில் நாலில் ஒரு பங்காய்க் குறைந்தன. ஆகவே, எதிர்ப்பவன் தனித்திருக்கும் வரையில்தான் பெரும்பான்மைக்கு முழு வலிமை உண்டென்பது தெளிவு.

இவ்வுண்மையை ஜாதித் தலைவர்கள் சோதனை இன்றியே அறிந்திருந்தனர். 1888-இல் காந்தியடிகள் சட்டம் பயிலச் சீமைக்குப் புறப்பட்டபோது, மோட் பனியா ஜாதியார் பம்பாயில் கூட்டங்கூட்டித் தடுத்தனர். பதினெட்டு வயதினராகிய அவர் இணங்கவில்லை. உடனே ஜாதிப் பிரஷ்டம் விதித்தனர். அத்துடன் நில்லாது, அவருக்கு உதவுவோர்க்கும் துறைமுகம் சென்று வழியனுப்புவோர்க்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றனர். துணை நிற்கக்கூடிய இரண்டாம் மனிதன்மேல் அவ்வபராதம் விழுந்ததை நோக்குங்கள்! பயணச் செலவுக்கான பணத்தை வைத்திருந்த மைத்துனர், ஜாதியை இழக்க அஞ்சிக் கொடுக்க மறுத்தார். தமையனாரோ உறுதியாய் நின்றார். குடும்ப நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி கப்பல் புறப்பட்டது.

நிற்க. இவை பழங்கதை என்று எண்ணற்க. 2016-இலும் மகாராஷ்டிரம் சமூகப் பகிஷ்காரத்தைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அபராதம் இல்லாத இடத்தும், முகங்கொடாமை உண்டு. விசேஷத்துக்கு வாராமை உண்டு. தன் மனத்துக்கு இசைந்தவனை மணந்த மகளின் வீட்டுக்குப் போகலாகாதென்று உறவினர் கூடிச் சொல்லுங்கால், பெற்ற தாய் வாய் திறவாது கண்ணீர் விடுகின்றாள். "அம்மா, நாமும் உன்னுடன் வருகிறோம்" என்று ஒருவர் எழுந்து சொல்வாராயின், அத்தாயின் கால்கள் நடக்கும்.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. சங்கக் கூட்டங்களில் இளைஞரும் பெண்டிரும் முதலிற் பேசுக; பெரியோர் பின்னர்ப் பேசுக. முக்கியமான பிரேரணைகளுக்குக் கை தூக்குதலை விடுத்துச் சீட்டு வாக்கு எடுக்க. ஆட்சேபணைகளை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்க. தீர்மானத்தை ஆமோதிக்க ஒருவரைத் தேடும் நாம், ஆட்சேபிப்பவர்க்கும் துணையாக ஒருவர் உண்டா என்று கேட்போமாக. அதன் பின்னரே "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுவோமாக.