ஒளிரும் இடமும் உண்மை நோயும்



சென்னிமலை நெசவாளர் தாம் நெய்து முடித்த விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்ப்பார். கையால் தடவியபோது தெரியாத பிசகு அப்போது கண்ணுக்குப் புலப்படும். ஆயினும் அது அறுந்த இழையா, வெறும் முடிச்சா என்பதை அருகில் வைத்து ஆராய்ந்த பின்னரே முடிவு செய்வார். புற்றுநோயை அறிய உதவும் பெட் ஸ்கேனின் ஆற்றலும் எல்லையும் இவ்வுவமையில் அடங்கும்.

எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் பெரும்பாலும் உறுப்பின் வடிவத்தைக் காட்டுவன. பெட் ஸ்கேன் உறுப்பினுள் நிகழும் செயலைக் காட்டுவது. புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாகக் கவர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். குளுக்கோஸை ஒத்த மூலக்கூற்றோடு ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்க அணுவைப் பிணைத்து ஊசி வழியே செலுத்தினால், பசித்த அணுக்கள் அதனை ஈர்த்துக்கொள்ளும். அங்கிருந்து எழும் கதிர்களை வளையமாக அமைந்த கருவி பதிவு செய்து இடத்தைச் சுட்டும். 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இம்மருந்து முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவில் 2002இல் மும்பையில் தொடங்கிய இவ்வசதி இன்று கோவை மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

எல்லாப் புற்றும் சர்க்கரையை ஒரே அளவில் நாடுவதில்லை. முதியோரைத் தாக்கும் புராஸ்டேட் புற்று பல நேரங்களில் இம்மருந்துக்கு அகப்படாது. ஆகவே அவ்வணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதத்தைத் தேடிச்சென்று பற்றும் மூலக்கூற்றை உருவாக்கி, அதனோடு காலியம்-68 அணுவை இணைத்தனர். ஆஸ்திரேலியாவில் நோய் பரவும் வாய்ப்பு மிகுந்த 302 ஆடவரிடம் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வில், நோய்ப் பரவலை அறிவதில் பழைய முறைகளின் துல்லியம் 65 விழுக்காடாகவும் இப்புதிய ஸ்கேனின் துல்லியம் 92 விழுக்காடாகவும் இருந்தன. நோய் சுரப்பியளவில் நிற்கிறதா, எலும்பு வரை சென்றுவிட்டதா என்பதைப் பொறுத்தே மருத்துவத்தின் வழி மாறும். ஆதலின் இவ்வேறுபாடு வெறும் எண்கணக்கன்று. ஒருவர் வாழ்வின் திசையை அது தீர்மானிக்கும்.

எனினும் ஒளிர்வதெல்லாம் புற்றன்று. மூளையும் சிறுநீர்ப்பையும் இயல்பாகவே ஒளிரும். காசநோயும் பிற அழற்சிகளும் புற்றைப் போன்றே தோற்றமளிக்கும். மிகச் சிறிய கட்டிகள் ஒளிராமலே போதலும் உண்டு. ஐயமுள்ள இடத்தில் திசுவை எடுத்து ஆராயும் பயாப்ஸியே உறுதி தரும். ஸ்கேன் அறிக்கையை வீட்டில் தாமே படித்துக் கலங்குவோர் இதனை மறத்தலாகாது.

மருந்து பயன் தருகிறதா என்பதை அறியவும் இது துணைபுரியும். நிணநீர்ப் புற்றுக்குச் சில சுற்று மருந்து ஏற்றியபின் மீண்டும் ஸ்கேன் எடுத்து, எஞ்சிய ஒளியைக் கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டு ஐந்து படிகளில் மதிப்பிடுவர். கட்டி முற்றும் மறையாவிடினும் அதனுள் ஒளி அவிந்திருப்பின் அது நற்குறி.

சர்க்கரை வழி எடுக்கும் ஸ்கேனுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத இல்லங்களுக்குக் காலை நேர ஸ்கேன் எளிதாகவே அமையும். ஆனால் தண்ணீர் அருந்த வேண்டும். நீரும் அருந்தா நோன்பை அன்று மேற்கொள்ளாதிருத்தல் நன்று. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ கொள்வோர் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். முதல் நாள் தறி மிதித்தல் முதலான கடும் உழைப்பைத் தவிர்த்தல் வேண்டும்; உழைத்த தசையும் சர்க்கரையைக் கவர்ந்து ஒளிர்ந்து படத்தைக் குழப்பும். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடங்களே. காலம் தாழ்த்தி வருபவருக்காக மருந்து காத்திராது. ஸ்கேன் முடிந்த பின் சில மணி நேரம் கருவுற்ற பெண்களிடமிருந்தும் பச்சிளங்குழந்தைகளிடமிருந்தும் விலகியிருப்பது நலம். அன்று ஒரு பொழுது பேரக்குழந்தையை மடியில் வைக்காதிருந்தால் போதும். அதன்பின் அச்சத்திற்கு இடமில்லை.

கதிரியக்கம் என்னும் சொல்லுக்கு அஞ்சித் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுவோர் உளர். நோய்க்குறி எதுவுமின்றி முழு உடலையும் படமெடுத்துப் பார்த்துவிட வேண்டுமென விரும்புவோரும் உளர். இரண்டும் பிழையே. இந்த ஸ்கேன் ஒரு வினாவுக்கு விடை தேடுவது. “எந்த வினாவுக்கு விடை தேடி இதனை எடுக்கிறோம்? விடை தெரிந்தால் மருத்துவத்தில் என்ன மாறும்?” என்று மருத்துவரிடம் பணிவுடன் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. விடை தெளிவாயின் தயங்காது செல்க. பழைய அறிக்கைகளை உடன் கொண்டு செல்க. வீட்டுப் பெரியவரை மட்டும் தனியே அனுப்பாதிருங்கள். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பின் முன்னும் பின்னும் உடனிருக்கும் முகமே அவருக்குப் பெருந்துணை.