வீட்டுக் கணிப்பொறிக்குக் காவல்

இரவில் விளக்கை அணைக்குமுன், வீட்டில் மூத்தவர் ஒருவர் எழுந்து சென்று வாயிற்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நேற்றும் பார்த்தார், இன்றும் பார்க்கிறார், நாளையும் பார்ப்பார். கள்வன் வருவான் என்று அவர் அஞ்சி நடுங்குவதில்லை. அஃது அவருக்கு வழக்கம். அவ்வழக்கத்தால்தான் வீட்டார் கவலையின்றி உறங்குகின்றனர்.

அதே வீட்டுக் கூடத்தில், மேசைமேல் ஒரு கணிப்பொறி இருக்கிறது. தமையன் எழுதிவரும் ஆய்வேடு அதில் இருக்கிறது. தமக்கையின் திருமணப் படங்கள் அதில் இருக்கின்றன. தந்தையார் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். இணையத்தோடு இணைந்த அக்கணமே அதற்கும் ஒரு வாயில் உண்டாகிவிடுகிறது. அந்த வாயிலின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பவர் யார்? மாணவ நண்பர்களே, அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

பிறர் கணிப்பொறிக்குள் புகுகின்றவர்கள் ஏதோ மாயவித்தை கற்றவர்கள் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வளவு வியப்பானது அன்று. உலகறிய நடந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். அவற்றிலிருந்து நீங்களே உணரலாம்.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. கோப்புகளையெல்லாம் பிறர் படிக்க இயலாதபடி பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தருக என்று அது திரையில் அறிவித்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் பணி நிலைகுலைந்தது; நோயாளிகள் ஆயிரக்கணக்கானோர்க்கு மருத்துவரைக் காணும் நாள் தள்ளிப்போயிற்று. அந்த நிரல் நுழைந்த வழி எது? விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஒரு குறை. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதாவது, பராமரிப்பில் இருந்த பதிப்புகளுக்கெல்லாம் தாக்குதலுக்கு 59 நாள் முன்பே, விலையின்றி, மருந்து வந்து சேர்ந்திருந்தது. வந்த மருந்தை உண்ணாதவரே நோயுற்றனர்.

எனவே முதற்காவல், புதுப்பித்தல். கணிப்பொறி ‘புதுப்பிப்பு வந்துள்ளது’ என்று தெரிவிக்கும்போது, ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிவிடுகிறோம். அந்தப் ‘பிறகு’ என்பதுதான் கள்வனுக்கு நாம் விட்டுவைக்கும் காலம். தானே புதுப்பித்துக் கொள்ளும்படி கணிப்பொறியை அமைத்துவிடுங்கள். பதிப்பு பழையதாகிப் பராமரிப்பு நின்றுபோனால் திருத்தம் வருவதும் நின்றுவிடும் என்பதையும் மறவாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. திருட்டு மென்பொருளை நாடுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பூட்டை உடைத்துத் தந்தவன் வேறு எதையெல்லாம் உள்ளே வைத்துத் தந்தான் என்பதை அவர்கள் அறியார்.

இரண்டாம் நிகழ்ச்சி 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் நடந்தது. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு உலகெங்கும் மின்னஞ்சல்கள் வந்தன. உடன் ஒரு கோப்பு. பெயரைப் பார்த்தால் காதற்கடிதம். அறிந்தவர் பெயரில் வந்த மடல் ஆதலால் பலர் ஐயமின்றித் திறந்தனர். அது கடிதம் அன்று, நிரல். திறந்தவரின் படங்கள் முதலியவற்றை அழித்ததோடு, அவருடைய முகவரி ஏட்டில் இருந்த அனைவர்க்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. இங்கே எவனும் கதவை உடைக்கவில்லை. தட்டிய ஓசை கேட்டு நாமே திறந்தோம்.

இன்று காதற்கடிதத்துக்கு மாற்றாக, மின்கட்டணம் செலுத்தவில்லை என்றும், பொதி ஒன்று வந்து காத்திருக்கிறது என்றும் செய்திகள் வருகின்றன. வேடம் மாறினும் வித்தை ஒன்றே. அவசரத்தையோ அச்சத்தையோ ஆசையையோ மூட்டி, எண்ணிப் பார்க்க இடந்தராமல் நம்மைத் திறக்கச் செய்வதே அது. எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பியவரை வேறு வழியாக, தொலைபேசியிலேனும், கேட்டுத் தெளிந்த பிறகே திறவுங்கள். வங்கியின் தளத்துக்குப் போகவேண்டுமானால், வந்த சுட்டியைத் தொடாமல், முகவரியை நீங்களே எழுதிச் செல்லுங்கள்.

மூன்றாம் நிகழ்ச்சியைச் சொல்லுமுன் ஒரு கேள்விக்கு விடை கூற வேண்டும். ‘என் கணிப்பொறியில் திருட என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்பர். 2016-ஆம் ஆண்டு மிராய் என்னும் நிரல் வீடுகளில் இருந்த வைஃபைப் பெட்டிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் பல்லாயிரக்கணக்கில் கைப்பற்றியது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமலே பலர் அவற்றைப் பயன்படுத்தி வந்தனர். அத்தகைய பெயரும் சொல்லுமாகச் சுமார் 60 இணைகளை அந்நிரல் மனப்பாடமாக வைத்திருந்தது. அவ்வளவே அதன் வித்தை. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இத்தகைய கருவிகளின் படை ஒருங்கே தாக்கியதால், அமெரிக்காவில் பலர் பெயர்பெற்ற இணையத்தளங்களைப் பல மணி நேரம் அடைய இயலவில்லை. கள்வனுக்கு வேண்டியது சில வேளைகளில் நம் பொருள் அன்று. நம் வீட்டுத் திண்ணை. அங்கே மறைந்து நின்று அவன் அடுத்த வீட்டின்மேல் கல் எறிகிறான். ஆகவே நம் வீட்டைக் காப்பது ஊருக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

வைஃபைப் பெட்டியின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ஒரே சொல்லைப் பல இடங்களில் வழங்காதீர்கள். ஓரிடத்தில் களவுபோனால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும், கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேரலாம். ஆதலால் முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனி வன்வட்டில் வையுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கணிப்பொறியிலிருந்து பிரித்துவிடுங்கள். இணைத்தே வைத்தால் மூலத்தைப் பூட்டும் நச்சு நிரல் நகலையும் பூட்டிவிடும். நகல் கையில் உள்ளவனிடம் பணம் கேட்டு மிரட்டுதல் எளிதன்று. ஏமாந்து பணம் இழக்க நேர்ந்தால் நாணி மறைக்காமல், 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். காலம் தாழ்த்தத் தாழ்த்தப் பணத்தை மீட்பது அரிதாகும்.

வாயிற்கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கும் பெரியவருக்கு இந்தத் தாழ்ப்பாள் இருக்குமிடம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனோ ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும்போது தாயார் தயங்கி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த ஒரு வாயிலைப் பொறுத்தவரை வீட்டில் மூத்தவர் நீங்களே. இன்றிரவு உறங்கப் போகுமுன் ஒருமுறை எழுந்து சென்று அதைத் தொட்டுப் பாருங்கள்.