பிடித்த செய்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



டீக்கடையில் நாளிதழை மடித்து வைத்துவிட்டு நம்மவர்கள் சொல்வார்கள்: "எல்லாரும் ஏதோ ஒரு கட்சிக்காரன்தான், எதைத்தான் நம்புறது?" இந்தப் பேச்சை எதிர்க்கத்தான் இன்றைக்கு மேடையேறியிருக்கிறேன். கேட்பதற்கு விவரமானவர் பேச்சுபோல இருக்கும். ஆனால் எதையும் நம்ப மாட்டேன் என்கிறவர் கடைசியில் என்ன செய்கிறார்? தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புகிறார். ஆட்சியில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான குடிமகன் கிடைக்கமாட்டார்.

2001 ஜூன் 30. நடுநிசி தாண்டிய நேரத்தில் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்டார். சென்னை மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்பது வழக்கு. ஜெயலலிதா முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விடிந்ததும் கருணாநிதி பக்கம் நின்ற சன் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. முதிய தலைவரைப் போலீசார் பிடித்து இழுக்கிறார்கள், அவர் அலறுகிறார். ஜெயலலிதா பக்கம் நின்ற ஜெயா தொலைக்காட்சியைத் திருப்பினால் வேறு படம். அதில் மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரே வீடு, ஒரே இரவு, ஆனால் ஊருக்குள் இரண்டு கதைகள்.

இதில் எது பொய்? இரண்டுமே நடந்தவை, இரண்டுமே கேமரா பிடித்தவை. எந்த இடத்தில் வெட்டினார்கள், எதை நூறு தடவை காட்டினார்கள், எதைக் காட்டாமலே விட்டார்கள் என்பதில்தான் அரசியல் இருந்தது. பொய்ச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், சார்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உண்மையை மட்டுமே அடுக்கி உங்களை ஒரு பக்கமாக நகர்த்திவிட முடியும். அந்த வாரம் எத்தனை வீடுகளில் இரண்டு தொலைக்காட்சியையும் பார்த்தார்கள் என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் கட்சியோ குடும்பமோ பிளந்தால் ஒரு தொலைக்காட்சி பிறக்கிறது. 2007இல் சன் தொலைக்காட்சியை நடத்தும் மாறன் சகோதரர்களோடு கருணாநிதி குடும்பத்துக்குப் பிணக்கு வந்தது, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கலைஞர் தொலைக்காட்சி வந்தது. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு கட்சி உடைந்து, ஜெயா தொலைக்காட்சி சசிகலா குடும்பத்தின் பக்கம் நின்றது. 2018இல் அ.தி.மு.க. தலைமை 'நமது அம்மா' நாளிதழையும் 'நியூஸ் ஜெ' தொலைக்காட்சியையும் கொண்டுவந்தது. யார் யாரோடு சேர்ந்தார், யார் யாரைவிட்டுப் பிரிந்தார் என்பது தெரியாமல் செய்தி பார்ப்பவருக்கு, நேற்றுவரை ஊழல்வாதியாக இருந்தவர் இன்றைக்கு எப்படி உத்தமரானார் என்பது விளங்கவே விளங்காது.

நான் கட்சிப் பத்திரிகைகளைக் குறை சொல்ல வரவில்லை. விடுதலை, முரசொலி, தீக்கதிர், ஜனசக்தி ஆகியவை யாருடைய குரல் என்பதை ஒளித்தது கிடையாது. வாங்குகிறவருக்குத் தெரியும். அது நேர்மை. என் கோபமெல்லாம் நடுநிலை என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஒரு கட்சிக்கு வேலை பார்ப்பவர்கள் மீதுதான். விவாத மேடையில் நான்கு பேரை உட்கார வைக்கிறார்கள். இருவர் பெயருக்குக் கீழே கட்சி போட்டிருக்கும். மற்ற இருவருக்கு "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்". அந்த இருவரும் எந்தக் கட்சிக்காக எத்தனை தேர்தலாகப் பேசி வருகிறார்கள் என்பது பார்ப்பவருக்குச் சொல்லப்படுவதில்லை. தலைப்பிலே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் எந்தப் பழியையும் யார்மீதும் சுமத்தலாம். "கேள்விதானே கேட்டோம்" என்று தப்பித்துக்கொள்வார்கள்.

கதையை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாள், 2018 மே 22. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். அன்று காலை வீசப்பட்ட கல்லிலிருந்து கதையைத் தொடங்கினால் அது கலவரம். முந்தைய 99 நாள்களிலிருந்து தொடங்கினால், காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த மக்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதல். "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி" என்ற வரியில் சுட்டவர் எங்கே? அவரைக் காணவில்லை! தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. அது உண்மையல்ல, அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டிருந்தது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. ஓடிய மக்களை மறைவிடங்களிலிருந்து சுட்டார்கள் என்றும் சொன்னது. அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 அக்டோபர் ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கலவரம் என்றே நம்பியவர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்களா?

இதுவரை கை தட்டினீர்கள். இனிச் சொல்லப் போவது நம்மைப் பற்றியது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட இந்தியாவில் வதந்தி பரவியது. எங்கெங்கோ நடந்த அடிதடிக் காணொளிகளைத் தமிழ்நாடு என்று போட்டார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து விசாரித்தது. பொய் என்று தெரிந்தது. நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! நியாயமான கோபம்.

ஆனால் நம் நாளிதழ்களைப் புரட்டுங்கள். திருட்டு வழக்கில் உள்ளூர்ப் பையன் பிடிபட்டால் "வாலிபர் கைது". பீகார்ப் பையன் பிடிபட்டால் "வடமாநில வாலிபர் கைது". திருட்டுக்கும் அவன் பிறந்த மாநிலத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் நம் ஊர்ப் பாலத்தில் கம்பி கட்டுகிறான், திருப்பூரில் துணி தைக்கிறான், ஓட்டலில் இலை எடுக்கிறான். அந்தச் செய்திகளில் மாநிலம் வருவதே இல்லை. இந்தத் தலைப்பைப் படித்து நம்மில் எத்தனை பேர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம்? வாட்ஸ்அப்பில் அடுத்த குழுவுக்கு அனுப்பினோம். நம்மைக் குத்துகிற சார்பு உடனே கண்ணில் படுகிறது. நமக்கு இனிக்கிற சார்பு செய்தியாகவே தெரிகிறது. ஒரு செய்தியைப் படித்ததும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வாய் துள்ளுகிறதா? அந்த இடத்தில் நில்லுங்கள். சொன்னவர் யார், எதிர்த்தரப்பு என்ன சொன்னது, போனவாரம் தன் கட்சிக்காரர் இதையே செய்தபோது இந்தப் பத்திரிகை என்ன எழுதியது என்று தேடுங்கள். எதிரியின் பத்திரிகையைச் சந்தேகிப்பதற்கு உழைப்பே தேவையில்லை. உழைப்பெல்லாம் நம் பத்திரிகைக்குத்தான் தேவை.

அரசிடமும் ஒரு கோரிக்கை. எந்தப் பத்திரிகைக்கு, எந்தத் தொலைக்காட்சிக்கு எத்தனை ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தீர்கள் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடுங்கள். முதல் பக்கம் முழுக்க அரசு விளம்பரம் வந்த நாளில் உள்பக்கத்திலிருந்து எந்தச் செய்தி காணாமல் போனது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கோரிக்கை மாறாது.

வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் மேசையில் கிடக்கும் நாளிதழ்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கத்து ஆட்கள். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சியின் நாளிதழ் ஒன்றுக்கும் நாளைக்கே சந்தா கட்டுங்கள். ஓராண்டுச் சந்தாவை நான் தருகிறேன், பணத்தைச் செயலாளரிடம் இப்போதே கொடுத்துவிட்டுத்தான் இறங்குவேன்.