2038: தேதி தெரிந்த கோளாறு

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்று பேசிக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் பதிந்திருந்ததால், 00 என்பதை 1900 என்று கணினி எடுத்துக்கொள்ளும் என்பதே சிக்கல். அதைச் சரிசெய்ய உலகம் முழுவதும் 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ‘வீண் பயம்’ என்றார்கள் சிலர். முன்கூட்டியே உட்கார்ந்து திருத்தியதால்தான் பெரும்பாலான சேதம் தவிர்ந்தது.

இப்போது அடுத்த தேதி தெரிந்துவிட்டது: 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8.44. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணித்தான் நேரம் பார்க்கின்றன. 32 பிட் இடத்தில் 2,147,483,647 வரைதான் எண்ண முடியும். அதைத் தாண்டினால் தேதி 1901-க்குப் போய்விடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட், கவலை இல்லை. ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோகும் கருவிகளில்தான் ஆபத்து: கேமரா பதிவுப் பெட்டி, வருகைப் பதிவுக் கருவி, சிமெண்ட் ஆலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும் கட்டுப்பாட்டுக் கருவி.

நட்டம் எப்படி வரும் என்பதை 2024 ஜூலையிலேயே பார்த்தோம். 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத இறுதியில், சி-எட்ஜ் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதால், தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிவர்த்தனை பாதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சரியாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள்: பணம் கணக்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் சின்ன வெங்காயம் அறுத்த ஆட்களுக்கு அன்று மாலை கூலி கொடுக்க முடியாது. பெரிய நிறுவனம் ஒரு நாளைத் தாங்கும். அன்றாடம் காய்ச்சிக்கு அது அடுப்பு எரியாத நாள்.

ஆகவே எடைபோட வேண்டியவை மூன்று: வர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் நட்டம் யாருக்கு, தடுக்கச் செலவு எவ்வளவு. நமக்குச் செலவு மிகக் குறைவு. அதனால் மூன்று கோரிக்கைகள்.

1. பராமரிப்புத் தொகையை யுபிஐ வழியாக மட்டுமே வாங்குவது என்ற யோசனையைக் கைவிடுவோம். காசோலையும் ரசீதுப் புத்தகமும் இருக்கட்டும்.

2. புதிய கேமராவோ வேறு கருவியோ வாங்கும்போது, 2038-க்குப் பிறகும் தேதி சரியாகக் காட்டுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குவோம்.

3. வீட்டில் இரண்டு நாள் செலவுக்கு ரொக்கம் வையுங்கள். பாஸ்புக்கில் மாதம் ஒருமுறை பதிவு போடுங்கள்.

முதல் கோரிக்கையை இன்றே வாக்கெடுப்புக்கு விட வேண்டுகிறேன்.